கேரவனுக்கு எத்தனை டன் குளிர்ச்சி?

பெங்களூரிலிருந்து குடகு, வயநாடு என்று கேரவனில் குடும்பத்தோடு போய்வரும் ஆசை நம்மவர்களுக்கும் வந்துவிட்டது. வாடகைக்கு விடுபவர்களும் "2 டன் ஏ.சி. சார்" என்று பெருமை பேசுகிறார்கள். அத்தனை குளிர் எதற்கு?

ரயில்வேக்காரனுக்கு ரயில் பெட்டிக் கணக்குதான் வரும். 72 படுக்கை கொண்ட மூன்றடுக்கு ஏ.சி. பெட்டியின் கூரையில் தலா 7 டன் எந்திரங்கள் இரண்டு. தலைக்கு ஒரு டன்னில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கேரவனின் தகரக் கூரை வெயிலை அப்படியே உள்ளே இறக்கும். ஆகவே தலைக்கணக்கு மட்டும் போதாதுதான். இருந்தாலும் நாலு பேருக்கு ஒரு டன், மிஞ்சினால் ஒன்றரை தாராளம். மரநிழலில் நிறுத்தி, கண்ணாடிக்குத் திரை போட்டால் அதிலும் மிச்சம். அளவுக்கு மீறிய எந்திரம் சட்டென்று குளிரவைத்து நின்றுவிடும்; ஈரப்பதம் போகாமல் உடம்பு பிசுபிசுக்கும்.

பெரிய ஏ.சி.க்குப் பெரிய ஜெனரேட்டர் வேண்டும். அங்கேதான் ஆபத்து. 2024 டிசம்பரில் கேரள மாநிலம் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் மாண்டார்கள். ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடுதான் எமன். மணமும் நிறமும் இல்லாத நஞ்சு அது. மின் இணைப்பு தரும் இடத்தில் தங்குங்கள். கிடைக்காவிட்டால் ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, கொசுவலை கட்டிப் படுக்கலாம். குடகு மலையில் ராத்திரி ஏ.சி. யார் கேட்டார்கள்?