வழியை மறிப்பது யார்?

சென்னையில் எந்த ஓட்டப் பந்தயம் முடிந்தாலும், அன்று காலை அடையாறு, மயிலாப்பூர் டிபன் கடைகளில் ஒரு புலம்பல் கேட்கும். “நடக்கிறவங்களை எல்லாம் எதுக்கு சார் ரேஸ்ல சேர்க்கறாங்க? அவங்களைச் சுத்திச் சுத்தி ஓடியே என் டைமிங் போச்சு.” சொல்பவர் பெரும்பாலும் நன்றாக ஓடக்கூடியவர். அதனால் எதிரில் இருப்பவர்களும் தலையாட்டிவிடுகிறார்கள். ஆட்டுவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முன்னால் போகிறவரைத் தாண்ட, 20 மீட்டர் ஓடுவதற்குள் 2 மீட்டர் பக்கவாட்டில் விலகுகிறீர்கள் என்று வையுங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றப்படி நீங்கள் கூடுதலாக ஓடியது 10 சென்டிமீட்டர். பழைய கோட்டுக்குத் திரும்ப இன்னொரு 10. நூறு பேரை இப்படித் தாண்டினாலும் மொத்தம் 20 மீட்டர்தான். கிலோமீட்டருக்கு 5 நிமிடம் என்று ஓடுபவருக்கு அது 6 விநாடி. நேரத்தைத் தின்பது இந்த விலகல் அல்ல. முதுகுக்குப் பின்னால் வரை வந்து பிரேக் போட்டு, எரிச்சலில் பாய்ந்து, அடுத்த முதுகில் மறுபடி பிரேக் போடுவதுதான் தின்கிறது. முதல் இரண்டு கிலோமீட்டரில் அப்படி மூச்சைச் செலவழித்தவருக்கு 15ஆவது கிலோமீட்டரில் கால் கனக்கத்தான் செய்யும். பழி மட்டும் நடந்துபோன அம்மாவின் தலையில்.

அத்தனை பேரைத் தாண்ட வேண்டிய நிலை ஏன் வந்தது? சென்னை ரன்னர்ஸ் அமைப்பு நடத்தும் சென்னை மாரத்தானுக்கு எல்லாத் தூரங்களும் சேர்த்து 20,000 பேருக்கு மேல் வருகிறார்கள். இவ்வளவு பெரிய கூட்டத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதில்தான் பாதிச் சிக்கல். ஆறு மணி நேரத்தில் முடிக்கப்போகிறவர் செல்ஃபிக்காக முதல் வரிசையில் நின்றால் அது தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்றரை மணி நேரக்காரர் பார்க்கிங் தேடி, கழிப்பறை வரிசையில் நின்று, கடைசி நிமிடத்தில் வந்து வாலில் சேர்ந்துகொண்டு, முன்னால் இருக்கும் ஆயிரம் பேரையும் குறை சொல்வதும் நடக்கிறது. இருவருக்குமே அவசரம் தேவையில்லை. மார்பில் குத்தும் எண் அட்டையான பிப்பில் ஒட்டியிருக்கும் சிப், தொடக்கக் கோட்டில் விரித்த பாயைத் தாண்டிய பிறகுதான் உங்கள் நேரத்தை எண்ணுகிறது. பாஸ்டன் மாரத்தானுக்குத் தகுதி பெறவே இந்த சிப் நேரம்தான் கணக்கு.

சில பந்தயங்களில் முழு மாரத்தான் ஓடி வருகிறவர், பின்னால் புறப்பட்ட 10 கிலோமீட்டர் கூட்டத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார். 30 கிலோமீட்டர் ஓடிக் களைத்த கால்களுக்கு அது உண்மையான இம்சை. ஆனால் பாதையை வரைந்ததும் புறப்படும் நேரத்தைக் குறித்ததும் ஏற்பாட்டாளர்கள். அந்தக் கோபத்தை அவர்களிடம் எழுதி அனுப்பலாம். நடக்கிறவரின் காதில் கத்தக் கூடாது.

அடுத்த வாதம் இன்னும் மிடுக்கானது: “மாரத்தான்னா ஓடணும். நடந்து முடிக்கிறவங்க எல்லாம் ரன்னரா?” கோட்டை எங்கே போடுவது? 1897இல் முதல் பாஸ்டன் மாரத்தானை வென்ற ஜான் மெக்டெர்மாட் எடுத்துக்கொண்டது 2 மணி 55 நிமிடம் 10 விநாடி. அந்தப் பாதை இன்றைய முழுத் தூரத்தைவிடக் குறைவு. சிவநாத் சிங் 1978இல் ஜலந்தரில் ஓடிய 2 மணி 12 நிமிடம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியச் சாதனையாக நின்றது. கெல்வின் கிப்டம் 2023இல் சிகாகோவில் 2:00:35. கிப்டம் அளவுகோலை எடுத்தால் டிபன் கடையில் புலம்புகிற நம்மவரும் ஒன்றரை மணி நேரம் பிந்தியவர். இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்ஸில் முழங்கால் காயத்தோடு கடைசியாக வந்து உலகப் புகழ் பெற்ற தான்சானியாவின் ஜான் ஸ்டீஃபன் அக்வாரியின் நேரம் 3:25:27. வென்ற மாமோ வோல்டேவுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பின்னால். கட்டுக் கட்டிய காலோடு அவர் ஓடிய அந்த நேரம், மெரினாவில் ‘வேகக்காரர்’ என்று பெயரெடுத்த பலருக்கும் கனவு.

எல்லாருக்கும் ஒரே மெடல் என்ற குறையும் உண்டு. அது முடித்ததற்கான மெடல். பரிசுப் பணமும் மேடையும் முதலில் வந்தவர்களுக்குத்தான். இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

“அவங்களுக்காக மணிக்கணக்கா ரோடை அடைச்சு வைக்கணுமா?” என்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதற்குத்தான் கட்-ஆஃப் என்ற நேர வரம்பு. அது தாண்டினால் பிளாட்பாரத்துக்கு ஏறிவிட வேண்டும். ஆனால் அதற்குள் ஓடுகிறவர் யார் தயவிலும் ஓடவில்லை, அவரும் அதே கட்டணம் கட்டியிருக்கிறார். ஸ்பான்சர் வருவதும் முன்னால் ஓடும் ஐம்பது பேரை மட்டும் பார்த்து அல்ல. 2019 லண்டன் மாரத்தானில் ஏழரை மணி நேர வேகத்தில் போனவர்களைத் துப்புரவுப் பணியாளர்களும் பிறரும் உடல் பருமனைச் சொல்லிக் கேலி செய்தார்கள் என்று அந்தக் குழுவுக்கு வேகம் காட்டி ஓடிய அதிகாரபூர்வ பேசரே புகார் சொன்னார். அவர்கள் ஓடி முடிக்கும் முன்பே பாதையில் ஏற்பாடுகளைப் பிரித்தெடுக்கும் வேலை தொடங்கியிருந்தது. ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள்.

மெதுவாக ஓடுவது சுலபம் என்று நினைப்பவர்கள் நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜனவரியில் சூரியன் ஆறரை மணியளவில் எழும். நான்கு மணிக்குப் புறப்பட்டு ஏழரைக்கு முடிப்பவருக்கு வெயில் ஒரு மணி நேரம். பத்து மணிக்கு முடிப்பவருக்கு மூன்றரை மணி நேரம், கடற்கரைப் புழுக்கமும் சேர்த்து.

மெதுவாக ஓடுகிறவர்களுக்கும் கடமை உண்டு. நான்கு பேர் கைகோத்து ரோட்டை அடைப்பதும், ஓட்டத்தை நிறுத்தி நடக்கப்போகும்போது கையைத் தூக்கிக் காட்டாமல் நட்டநடுவில் சட்டென நிற்பதும் அடுத்தவர் முழங்காலுக்கு ஆபத்து. நாம் வண்டி ஓட்டும் முறைதான் இங்கேயும்: மெதுவானவர் இடப்பக்கம், தாண்டுகிறவர் வலப்பக்கம். தாண்டுகிறவர் பத்தடி முன்பே “வலது பக்கம் வர்றேங்க” என்றால் போதும். “ஆன்ட்டி, ஓரம்!” என்று ஒரு இளைஞர் அதட்டினால், நாற்பது வயதுப் பெண் ஓரம் போக மாட்டார், திரும்பித்தான் பார்ப்பார். இருவரும் மோதிக்கொள்வது அப்போதுதான்.

தண்ணீர் மேசைப் பக்கம் போனால் குற்றவாளி மாறிவிடுகிறார். ஓடிக்கொண்டே கப்பைப் பிடுங்கி, ஒரு வாய் குடித்து, மீதியோடு ரோட்டில் வீசிவிட்டுப் போவது பெரும்பாலும் முன்னணிக் கூட்டம்தான். குப்பைத் தொட்டி சில அடி தள்ளித்தான் இருக்கும். நசுங்கிய கப்புகளின் ஈரத்தில் கால் வழுக்குவது பின்னால் வருகிறவருக்கு. அவர் வந்து சேரும்போது மேசையில் தண்ணீரும் தீர்ந்திருந்தால், வழியில் யார் யாருக்கு இடைஞ்சல் என்பதை அங்கே நிற்கும் வாலன்டியரைக் கேட்டுப் பாருங்கள்.