பாஸ் பட்டன் எங்கே பாஸ்?

கையில வெச்சு ஆடுற கன்சோல் வாங்க காசு சேர்த்துட்டு இருக்கீங்களா? நெட் இருந்தாத்தான் திறக்கும்ங்கிற கேம்களை நம்பி அதை வாங்கலாமா? வேண்டாம்கிறதுதான் என் கட்சி. காரணத்தைச் சொல்லிடறேன், அப்புறம் திட்டுங்க.

கையடக்க கன்சோலோட மகிமையே, நினைச்ச நேரத்துல நிறுத்தலாம்ங்கிறதுதான். பஸ் வந்துடுச்சா? லெக்சரர் தலை தெரியுதா? பட்டுனு ஸ்லீப் மோடு! ராத்திரி எடுத்தா ஹீரோ விட்ட இடத்துலயே நிப்பார். 1989-ல் வந்த கேம் பாய்லயே ஸ்டார்ட் பட்டனைத் தட்டினா டெட்ரிஸ் ஆட்டம் அப்படியே நிக்கும்.

அதே டெட்ரிஸ், 2019 பிப்ரவரியில் 'டெட்ரிஸ் 99'-ஆக நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு வந்துச்சு. 99 பேர் ஒரே நேரத்துல மோதுற ஆட்டம். செம விறுவிறுப்பு, மறுக்கலை. ஆனா நீங்க டீ வாங்கக் கை நீட்டினா, மத்தவங்க உங்க தலையில கட்டைகளை இறக்கிட்டே இருப்பாங்க. கன்சோலைத் தூங்க வெச்சீங்களோ, கனெக்‌ஷன் கட், ஆட்டமும் க்ளோஸ்! அந்த வருஷம் மே மாசமே, நெட் இல்லாம ஆடுற வகைகளைத் தனிக் காசுக்கு வித்தாங்க. கேட்கிற ஆள் இருக்குன்னு தெரிஞ்சுதானே?

'போன்ல எல்லாரும் ஆன்லைன்லதானே ஆடறாங்க'ன்னு கேட்பீங்க. போன்ல சிம் இருக்கு பாஸ்! ஸ்விட்ச்ல இல்லை, 2022-ல் வந்த ஸ்டீம் டெக்லயும் இல்லை. வை-ஃபை இல்லைன்னா உங்க போன்தான் ஹாட்ஸ்பாட்... டேட்டாவும் காலி, ரெண்டு பேட்டரியும் காலி. சோனி வீட்டாவுல 3ஜி மாடல் ஒண்ணு விட்டுப் பார்த்தது. 2013-ல் வந்த மெலிசான வீட்டாவுல அந்த 3ஜியைக் காணோம்!

இதைவிட வயித்தெரிச்சல் ஒண்ணு இருக்கு. 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் 35' ஞாபகம் இருக்கா? 35 பேர் போட்டி போடுற மரியோ. 2020 அக்டோபர்ல திறந்தாங்க, 2021 மார்ச் 31-ல் மூடிட்டாங்க. ஆறே மாசம்! 1985-ல் வந்த ஒரிஜினல் மரியோவோ, பழைய மெஷினும் கார்ட்ரிட்ஜும் நல்லா இருந்தா இன்னிக்கும் ஓடும்.

2024 ஏப்ரல்ல 3டிஎஸ் கன்சோலுக்கான ஆன்லைன் ஆட்டத்தையும் நின்டெண்டோ நிறுத்திடுச்சு. ஆனா அதுல 'மான்ஸ்டர் ஹன்டர் 4 அல்டிமேட்' வெச்சிருக்கிறவங்க இப்பவும் நாலு பேரா பக்கத்துல உக்காந்து வேட்டைக்குப் போகலாம். கன்சோலும் கன்சோலும் நேரா பேசிக்கும், நடுவுல சர்வர் கிடையாது. கூட்டமா ஆடணும்னா எனக்கு இதுதான் பிடிக்கும். தோத்தவன் மூஞ்சியை நேர்லயே பார்க்கலாமே!

வீட்டுல நல்ல வை-ஃபை, ஸ்விட்ச்சை டி.வி.யில மாட்டி ஃபோர்ட்நைட்... தாராளமா ஆடுங்க. அப்போ அது கையடக்க கன்சோலே இல்லையே! ஜப்பான்ல 2012-ல் ஆரம்பிச்ச 'டிராகன் குவெஸ்ட் 10' அசல் ஆன்லைன் கேம். அதுக்கே 2022-ல் தனியா ஆடுற ஆஃப்லைன் பதிப்பு போட்டாங்க, ஸ்விட்ச்சுக்கும் சேர்த்து.

அதனால கடைக்காரர் டெமோ காட்டும்போது, 'அண்ணே, ஏர்பிளேன் மோடு போட்டு ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க'ன்னு கேளுங்க. முறைச்சா முறைக்கட்டும்!