படுவான்கரைப் புழுதியைச் சாட்டாதீர்கள்

"வழிகாட்டிகள் குளிர்நாட்டு நோயாளிகளுக்கு எழுதப்பட்டவை. வவுணதீவுக்கு, வயலுக்கும் புழுதிக்கும் திரும்பிப்போகிறவருக்கு, வெட்டிய புண்ணில் தொற்று வராமலிருக்க ஐந்து நாள் அன்டிபயோட்டிக் கொடுக்காமல் எப்படி டிக்கட் வெட்டுவது?" என்று கேட்கிறார் வாய், முக சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர். படுவான்கரை மக்களாகிய எங்கள்மீது வைத்த அக்கறையாகத் தோன்றும் இந்த வாதம் அடியிலிருந்து நுனிவரை பிழை.

அவர் மீறுவது குளிர்நாட்டு வழிகாட்டியை அல்ல. 2016இல் இலங்கை நுண்ணுயிரியல் நிபுணர்கள் கல்லூரி, சுகாதார அமைச்சுடன் சேர்ந்து இந்த நாட்டு நோயாளிகளுக்கென்றே வெளியிட்ட தேசிய வழிகாட்டி இருக்கிறது.

வாய்க்குள் வெட்டிய புண்ணைப் பழுதாக்கும் கிருமி பெரும்பாலும் வயலிலிருந்து வருவதில்லை. நோயாளியின் பல்லிலும் எச்சிலிலும் ஏற்கெனவே இருப்பதுதான் அது. லண்டன்காரரின் வாயும் அப்படித்தான். கத்தி படும்போது அது தசைக்குள் இறங்குகிறது. அந்த நேரத்தில் தசையில் மருந்து இருக்கவேண்டும். 1961இல் ஆய்வாளர் ஜோன் பேர்க் கினிப்பன்றிகளில் இதைக் காட்டினார்: கிருமி புகுந்து மூன்று மணிநேரம் கழிந்தபின் கொடுத்த மருந்து பயன்படவில்லை. 1992இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 2,847 நோயாளிகளைப் பார்த்தது. வெட்டுக்கு முந்திய இரண்டு மணிநேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 வீதத்தினருக்கே புண்தொற்று. வெட்டி மூன்று மணிநேரம் கழித்துப் பெற்றவர்களில் 3.3 வீதம். வாட்டிலிருந்து கட்டிக்கொடுக்கும் தடுப்புக் குளிசை, வெள்ளாமை வெட்டி ஏற்றிய பிறகு வாய்க்காலைத் திறப்பதற்குச் சமம். சத்திரசிகிச்சை முடிந்தபின் தடுப்பு மருந்தை நீட்டவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2016இல் சொல்லிவிட்டது. ஏற்கெனவே சீழ் கட்டிய தாடைக்குக் கொடுப்பது சிகிச்சை. அதை இங்கே இழுத்துக் குழப்பக்கூடாது.

"தொற்று வந்தால் அந்த ஏழை வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வைத்தியசாலைக்குத் திரும்பி வரவேண்டுமே" என்கிறார். குளிசையால் வயிற்றோட்டமோ ஒவ்வாமையோ வந்தாலும் அவர் அதே பாலத்தைத்தான் தாண்டவேண்டும். தேவையில்லாத குளிசை, மருந்துக்கு அடங்காத கிருமியை அவர் உடம்பில் மிச்சம் வைக்கிறது. நாளைக்கு அதே கிருமி தொற்றி, அந்த வீட்டில் நீரிழிவுள்ள ஒருவருக்குக் கழுத்துவரை வீக்கம் இறங்கும்போது இந்த நிபுணர் எந்த மருந்தைக் கொடுப்பார்? தூரம்தான் கவலையென்றால், வீங்கினால் அழைக்க ஒரு தொலைபேசி இலக்கம் கொடுக்கட்டும். புண் பார்க்கும் திகதியைக் கிட்டிய பிரதேச வைத்தியசாலையில் ஒழுங்குசெய்யட்டும். அந்த வேலையைச் செய்யாதவர் படுவான்கரையின் வறுமையைத் தன் பழக்கத்துக்குச் சாட்சி அழைக்கக்கூடாது.

தன் அனுபவமே ஆதாரம் என்று முடிக்கிறார். அப்படியானால் கணக்கை வெளியிடட்டும்: ஐந்து நாள் குளிசை விழுங்கியவர்களில் எத்தனை பேருக்குப் புண் பழுதானது, வெட்டுக்கு முன் ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது?