கிறீமா, மணல் நிறமா?

அறைக்குப் பெயின்ற் அடிக்கிற வீடுகளில் சண்டை சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையில் வருவதில்லை. கிறீமுக்கும் மணல் நிறத்துக்கும் இடையில்தான் வரும். கலர் அட்டையில் ரெண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சுவரில் ஏறினால் வேறு: கிறீமின் அடியில் மஞ்சள் இருக்கிறது, இப்ப எல்லாரும் கேட்கிற மணல் நிறத்தின் அடியில் சாம்பல்.

எங்கட வாக்கு கிறீமுக்கு.

இணையத்தில் கிடைக்கிற ஆலோசனைகள் பல எங்கட வெயிலுக்கு எழுதப்பட்டவை அல்ல. வடக்கு யன்னல் என்றால் வெயிலே வராது என்பது லண்டனுக்குப் பெரும்பாலும் சரி. யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி மட்டும் மத்தியானச் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் நிற்கும். அதைவிட, விறாந்தையும் தாழ்வாரமும் முற்றத்து மாமரமும் வெளிச்சத்தை மறித்த பிறகுதான் மிச்சம் அறைக்குள் வரும். அந்த மிச்சத்தில் சாம்பல் கலந்த சுவர் அழுக்குப் பிடித்த மாதிரி நிற்கும். இரவில் வெள்ளை எல்.ஈ.டி. பல்ப் போட்டால் இன்னும் மோசம். வெளிறின கிறீம் கூடுதலான வெளிச்சத்தைத் திருப்பித் தரும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினதை மறக்காதவர்களுக்கு இது சின்ன விசயமில்லை.

மணல் நிறத்துக்கும் ஒரு நியாயம் இருக்கு. பின்னேர வெயில் நேராக அடிக்கிற மேற்கு அறையில் அது கண்ணைக் கூச வைக்காது. மஞ்சள் பல்ப் மட்டும் எரிகிற அறையில் கிறீம் மஞ்சளாகவே மாறிவிடும். ஆகவே எங்களையும் நம்ப வேண்டாம். சின்னப் பேணியில் ரெண்டையும் வாங்கி, ரெண்டு சுவரில் ரெண்டு அடிச் சதுரமாக ரெண்டு தரம் அடியுங்கோ. காய்ந்த பிறகு காலமை, மத்தியானம், இரவு மூன்று தரமும் பாருங்கோ. சிவப்புச் சீமெந்து நிலமென்றால் அதன் சாயலும் சுவரில் ஏறும்.

ஆனால் எங்கட வீடுகளில் நிறத்தைத் தெரிவது பெரும்பாலும் காசு அனுப்புகிறவர். கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் வரும், மேசன் அதைப் பார்த்து அடிப்பார். அந்த அறைக்குள் நாள் முழுக்க இருந்து அரிசி புடைக்கிற அம்மாவிடம் ஒருவரும் கேட்பதில்லை. சுவரோடு வாழப்போவது அவதான். முதல் வாக்கும் கடைசி வாக்கும் அவவுக்கு. அவ மணல் நிறம் என்று சொன்னால் நாங்கள் கிறீமை விட்டுக்கொடுக்கத் தயார்.