ஆனை வந்தாச்சு, பாகன் எங்கே? அரசுப் பள்ளி கம்ப்யூட்டர் படிப்பு படும் பாடு!

தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு ஆனையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ராகி விளையும் காலத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து ஜவளகிரிப் பக்கம் கூட்டங்கூட்டமாக இறங்கி வரும். அதை விரட்ட கும்கி ஆனையே வந்தாலும், மேலே பாகன் உட்கார்ந்தால்தான் காரியம் நடக்கும். இது இந்த ஊர்ப் பொடியனுக்கும் தெரியும்.

அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் படிப்பும் அதே கதைதான். ஆனை மேல் ஆனையாக வந்துகொண்டே இருக்கிறது. பாகனைத்தான் தேட வேண்டியிருக்கிறது!

40 வருஷக் கதை

இது நேற்று முளைத்த விவகாரம் அல்ல. 1984-ல் மத்திய சர்க்கார் 'கிளாஸ்' என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. பிரிட்டனின் 'பி.பி.சி. மைக்ரோ' கம்ப்யூட்டர்கள் பள்ளிகளுக்கு வந்து இறங்கின. ஆசிரியர்களுக்குக் கிடைத்தது சில வாரப் பயிற்சி.

தமிழ்நாட்டில் 1999-2000 வாக்கில் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம் பரவலாக வந்தது. ஆசிரியர்கள்? ஒப்பந்தக் கூலிக்கு! அவர்களுடைய வேலை நிரந்தரம் பற்றிய லடாய், தேர்வு, கோர்ட்டு, வழக்கு என்று வருஷக்கணக்கில் இழுத்தது.

2011 செப்டம்பர் 15-ல் விலையில்லா லேப்-டாப் திட்டம் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கியது. அடுத்த சில வருஷங்களில் சுமார் 50 லட்சம் லேப்-டாப்கள் மாணவர் கைக்குப் போயின. கொரோனா காலத்தோடு அது நின்றது.

பிறகு 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் 'ஹைடெக் லேப்' வந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகள். 2025 மார்ச் பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு 2 வருஷத்தில் லேப்-டாப் அல்லது டேப்லெட் என்று அறிவிப்பு.

ஆகவே, சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று யாராவது சொன்னால் அது பொய். பணம் செலவாகியிருக்கிறது. சாமானும் வந்திருக்கிறது.

பரீட்சையிலேயே மக்கர்!

பின்னே எங்கே இடிக்கிறது? டெண்டர் விட்டால் பெட்டி ஆறே மாசத்தில் வந்துவிடும். வாத்தியார் அப்படி வரமாட்டார்.

2019-ல் 814 கம்ப்யூட்டர் ஆசிரியர் இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் ஆன்லைனில் பரீட்சை வைத்தது. ஜூன் 23-ந்தேதி சில மையங்களில் சர்வர் மக்கர் பண்ணியது! கம்ப்யூட்டர் வாத்தியார் ஆக வந்தவர்கள் கம்ப்யூட்டர் முன்னாலேயே காத்துக் கிடந்தார்கள். அங்கெல்லாம் மறுபடி பரீட்சை நடத்த வேண்டியதாயிற்று.

இன்னொரு கோளாறும் உண்டு. கம்ப்யூட்டர் தனிப் பாடமாக வருவது பிளஸ்-1-ல்தான். அதுவும் அந்தக் குரூப் எடுத்தவர்களுக்கு மட்டும். அதுவரை விஞ்ஞானப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஓர் அத்தியாயம். பத்தாவதோடு படிப்பை விடுகிற பிள்ளை கீபோர்டைத் தொட்டதா இல்லையா என்று கேட்க ஆளில்லை.

ஆசிரியர்கள் கம்ப்யூட்டரையே தொடுவதில்லை என்றும் சொல்ல முடியாது. தினமும் தொடுகிறார்கள், 'எமிஸ்' தளத்தில் வருகைப் பதிவும் விவரங்களும் ஏற்றுவதற்கு! பாடம் நடத்தும் நேரத்தை இந்தக் குமாஸ்தா வேலை தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பலமுறை புகார் சொல்லிவிட்டன.

"அதான் போன் இருக்கே!"

'இப்பத்தான் எல்லார் கையிலயும் போன் இருக்கே, தனியா கம்ப்யூட்டர் எதுக்கு?' என்று டீக்கடையில் கேட்பார்கள். வீடியோ தள்ளிப் பார்ப்பது வேறு. ஒரு மனு டைப் அடித்து, கணக்குப் போட்டு, பைலைப் பத்திரப்படுத்தி அனுப்புவது வேறு. ஸ்காலர்ஷிப்பா, சர்க்கார் வேலைக்கு மனுவா, எல்லாம் ஆன்லைன். தெரியாதவன் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து நிற்கிறான். ஓ.டி.பி.யைச் சொல்லிப் பணத்தைக் கோட்டை விடுகிறவனும் போன் வைத்திருப்பவன்தான்!

இந்த வட்டாரத்துக்கு இது வயிற்றுப் பிரச்சினை. ஒரு பக்கம் ஓசூர் சிப்காட். கெலமங்கலம் பக்கத்து டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனுக்கான பாகங்கள் தயாராகின்றன. எல்லையைத் தாண்டினால் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டி. அந்த வாசலில் நம்ம ஊர்ப் பிள்ளை ஒப்பந்தத் தொழிலாளியாக நுழைவதா, ஆபரேட்டராக, இன்ஜினீயராக நுழைவதா? அது ஆறாம் வகுப்பிலேயே முடிவாகிவிடுகிறது.

பாஷைச் சிக்கல் வேறு. இங்கே வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். கம்ப்யூட்டரைத் திறந்தால் இங்கிலீஷ்! புரிகிற பாஷையில் சொல்லித்தர உள்ளூர் வாத்தியார் வேண்டும். பெட்டி தானாகச் சொல்லித் தராது.

கேரளா எப்படி ஜெயித்தது?

கேரளா தனி ஆசிரியருக்காகக் காத்திருக்கவில்லை. 2001-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கி, ஏற்கெனவே வேலையில் இருந்த கணக்கு வாத்தியார், சயன்ஸ் டீச்சர், மொழி ஆசிரியர் எல்லோரையும் பயிற்சிக்கு உட்கார வைத்தது. அவர்களிலிருந்தே 'மாஸ்டர் டிரெய்னர்'களைப் பொறுக்கி எடுத்தது. பள்ளிக்கு ஒருவர் பொறுப்பு. 2005 வாக்கில் பத்தாம் வகுப்பில் ஐ.டி. கட்டாயப் பாடம் ஆயிற்று. சாப்ட்வேரும் இலவச லினக்ஸ். லைசென்ஸ் காசு மிச்சம். 2018-ல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் மன்றமும் வந்தது.

பக்கத்துக் கர்நாடகமும் 2011 வாக்கில் உயர்நிலைப் பள்ளிப் பாட ஆசிரியர்களுக்கு இதே வழியில் பயிற்சி கொடுத்தது. கணக்கு ஆசிரியர் 'ஜியோஜீப்ரா'வில் முக்கோணம் போட்டுக் காட்டப் பழகினார்.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. வாத்தியாரை முதலில் தயார் செய்தார்கள். தனக்கே கம்ப்யூட்டர் கைவந்த வாத்தியார் லேபைப் பூட்டி வைக்க மாட்டார்.

என்ன செய்ய வேண்டும்?

ஆறாம் வகுப்பிலிருந்து வாரத்துக்கு இரண்டு பீரியட், ஒவ்வொரு பிள்ளைக்கும் கீபோர்டில் கைவைக்க நேரம். பள்ளிக்கு இரண்டு ஆசிரியருக்காவது வருஷா வருஷம் பயிற்சி. அந்த இருவருக்கும் எமிஸ் வேலையிலிருந்து விலக்கு. கெட்டுப்போன மெஷினை ஒரு வாரத்தில் சரிசெய்ய வட்டாரத்துக்கு ஒரு மெக்கானிக். புது ஹைடெக் லேபுக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இது பெரிய தொகை அல்ல.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் 'லேப் இருக்கா?' என்று கேட்டால் 'இருக்கு' என்றுதான் பதில் வரும். 'என் பொண்ணு இந்த மாசம் எத்தனை தடவை அதுல உட்கார்ந்தா?' என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கிற பள்ளியில் பாகன் ஏறிவிட்டார் என்று அர்த்தம்!