எளிமை விலைக்குக் கிடைப்பதன்று

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் வட்டாரங்களில் வசதி படைத்த நம் குடும்பங்களிடையே புதிய ஆசையொன்று பரவி வருகிறது. ஏலகிரி மலைப்பக்கம் ஓர் ஏக்கர் நிலம், அதில் ஓட்டு வீடு, நான்கு நாட்டுக்கோழி, இரண்டு ஆடு, வார இறுதியில் பிள்ளைகளோடு கொஞ்சம் மண்வாசனை. இதற்கு ‘சுன்னத்தான எளிய வாழ்வு’ என்று பெயரும் சூட்டிக்கொள்கிறோம்.

நிலத்தை விரும்புவதில் தவறில்லை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதனோ கால்நடையோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. கியாமத் நாள் வந்துவிட்ட வேளையிலும் கையில் ஒரு கன்று இருந்தால் அதை நட்டுவிடுமாறு கற்பித்த மார்க்கம் நம்முடையது. ஆகவே தோட்டத்தின்மீது நமக்கு வழக்கில்லை. அதற்கு இட்ட பெயரின்மீதுதான் வழக்கு. தன் ஊரின் தண்ணீர் கெட்டபின், கெடாத தண்ணீர் உள்ள வேறோர் ஊரில் பணம் கொடுத்து இடம் வாங்குவதற்குப் பெயர் எளிமையன்று. அது வசதியின் இன்னொரு வடிவம். வாங்க இயலாதவர் கெட்ட தண்ணீரோடு அங்கேயே இருக்கிறார்.

வெள்ளிக்கிழமைதோறும் நாம் ஓதும் கஹ்ஃப் அத்தியாயத்தில் இரு தோட்டங்களுக்கு உரியவனின் செய்தி வருகிறது. திராட்சைக் கொடிகள், சுற்றிலும் பேரீச்ச மரங்கள், நடுவே விளைநிலம், ஊடே ஓடும் ஆறு. அவன் தன் செல்வத்தையும் ஆள்பலத்தையும் சொல்லித் தோழனிடம் பெருமை பேசினான். இது ஒருநாளும் அழியாது என்றான். தோழன் தந்த எச்சரிக்கையை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். வானத்திலிருந்து வரும் அழிவை மட்டும் அவர் சொல்லவில்லை. உன் தண்ணீர் நிலத்துள் ஆழ்ந்து, நீ தேடினாலும் எட்டாமல் போய்விடலாம் என்றும் சொன்னார். பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு இந்த வசனத்திற்கு விரிவுரை தேவையில்லை.

அச்செய்தி முடிந்த சற்றுநேரத்தில், செல்வமும் மக்களும் உலக வாழ்வின் அலங்காரம், நிலைத்திருக்கும் நற்செயல்களே மேலானவை என்ற கருத்து வருகிறது. அந்நற்செயல்களைக் குறிக்கும் ‘அல்பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்’ என்ற சொல்லே வேலூர் மதரஸாவின் பெயராக நம் மண்ணில் ஊன்றப்பட்டிருக்கிறது. வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரியை எழுப்பியதும் இந்த உணர்வுதான். நம் முன்னோர் தோலில் ஈட்டியதைக் கல்விக்கும் பள்ளிவாசலுக்கும் வாரி வழங்கினார்கள். அந்தக் கொடையை நாம் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் அதே தொழில் ஆற்றுக்கு என்ன செய்தது என்ற கேள்வியைக் கொடையால் மூடிவிட முடியாது.

ஆற்றின் கணக்கு

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது அந்தத் தீர்ப்பில்தான். நாட்டின் சட்டக் கல்லூரிகளில் எல்லாம் பயிலப்படும் தீர்ப்பு அது. நம் ஊர்களின் பெயரோடு பயிலப்படுகிறது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது.

அத்தீர்ப்பின் விளைவாக அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001இல் 546 தோல் பதனிடும் ஆலைகளைப் பொறுப்பாக்கி, பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு ரூ.26 கோடியே 82 லட்சம் வழங்கப் பணித்தது. வகுத்துப் பாருங்கள்: தலைக்குச் சராசரி பத்தாயிரம் ரூபாய்கூட வரவில்லை. தென்னையும் நெல்லும் விளைந்த நிலத்துக்கு அவ்வளவுதான். அந்தத் தொகைகூட எல்லோரையும் சென்றடையவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, விடுபட்டோருக்கு அரசு இழப்பீடு வழங்கி அதை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்க வேண்டும் என்று ஆணையிட நேர்ந்தது. இடையே, 2015 ஜனவரி 31 அதிகாலை, இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வங்காளத்திலிருந்து வந்தவர்கள்.

பாலாறு வறண்டதற்கு நாம் மட்டுமா காரணம் என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. மணலைக் கொள்ளையடித்தவர்கள் உண்டு. மேலே ஆந்திரத்தில் கட்டிய தடுப்பணைகள் உண்டு. நகராட்சிச் சாக்கடைகளும் உண்டு. ஆனால் பிறர் செய்த பிழை நம் பங்கைக் கழித்துவிடாது. மறுமையில் ஒவ்வொருவரும் தத்தம் ஏட்டோடுதான் நிற்போம்.

தோல் தொழில் இல்லாவிட்டால் ஊரே பட்டினி கிடக்கும் என்பார் உண்டு. இதில் உண்மை இருக்கிறது. ஆம்பூரின் காலணி ஆலைகளில் எல்லாச் சமயத்துப் பெண்களும் வேலை செய்து வீட்டைத் தாங்குகிறார்கள். தொழிலை மூடச் சொல்வது நம் நோக்கமன்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன என்பதும் மெய்யே. ஆனால் நிலையம் இருப்பதும் அது இரவிலும் மழைநாளிலும் முழுமையாக இயங்குவதும் ஒன்றல்ல. ஒரு நொடியும் கழிவு ஆற்றில் கலக்கவில்லை என்று அல்லாஹ்வின்மீது ஆணையிட்டுச் சொல்லக்கூடியவர் சொல்லட்டும்.

தோலும் சிக்கனமும்

இத்தொழிலின் வேர் சிக்கனத்தில் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிட்டோம். அன்னை மைமூனா அவர்களின் வீட்டைச் சேர்ந்த ஆடொன்று செத்துக் கிடந்தபோது, அதன் தோலை எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். உண்ண ஆகாத ஒன்றும் வீணாகக் கூடாது என்பதே அக்கேள்வியின் உட்பொருள். நம் பாட்டன்மார் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டார்கள். குரோமிய உப்பு பெருமளவில் வந்து சேர்ந்தது பின்னர்தான். வீணாவதைத் தடுக்கப் பிறந்த கைத்தொழில், ஓர் ஆற்றையே வீணாக்கும் நிலைக்கு வந்தது நம் காலத்தில். இறைவன் அனுமதித்த தொழிலை ஹராமான முறையில் நடத்திவிட்டு, இலாபத்தில் ஹலாலான தோட்டம் வாங்க முடியுமா?

அல்லாஹ் தனக்குச் செய்த குறையை மன்னிக்கலாம். அடியார்களின் உரிமையை அடியார்தான் விட்டுத்தர வேண்டும். உயிர்த்தியாகிக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படாது என்று கேட்டிருக்கிறோம். உப்புப் பூத்த வயலுக்கு உரியவர் நமக்குக் கடன் கொடுத்தவர். அவருடைய கணக்கைத் தீர்ப்பதே எளிய வாழ்வின் முதல் பாடம். மற்றவை அதற்குப் பின்.

தொடங்க வேண்டிய இடம்

மலைமேல் நிலம் இல்லாதவரும் இன்றே தொடங்கலாம். முதலில் ஒளுவின் தண்ணீர். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளு செய்தார்கள். அது முக்கால் லிட்டரை எட்டாது. நம் பள்ளிவாசல்களில் குழாயைத் திறந்துவிட்டுப் பேச்சும் முடித்துத்தான் மூடுகிறோம். ஒருவர் ஒரு வேளைக்கு ஐந்து லிட்டர் மிச்சப்படுத்தினால், இருநூறு பேர் ஐவேளை தொழும் பள்ளியில் நாளொன்றுக்கு ஐயாயிரம் லிட்டர் மிஞ்சும். காவிரித் தண்ணீர் குழாயில் வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் ஊரில் இது சிறிய தொகையன்று. ஒளு செய்து வழியும் நீரைச் சாக்கடைக்கு விடாமல், பள்ளி வளாகத்தில் வாழைக்கும் முருங்கைக்கும் திருப்பிவிட முத்தவல்லிகளுக்கு ஒரு கொத்தனாரும் சில அடி குழாயும் போதும். கபரஸ்தானின் வேலியோரத்தில் வேம்பு நட யாரிடமும் அனுமதிக் கடிதம் பெற வேண்டியதில்லை. ஜமாஅத் கூடி முடிவெடுத்தால் போதும்.

இரண்டாவது வீட்டுத் தோட்டம். பல தெருக்களில் கிணற்று நீர் உப்பேறியிருக்கிறது. அதைச் செடிக்கு ஊற்றி ஏமாறாதீர்கள். மொட்டைமாடியில் விழும் மழையைத் தொட்டியில் பிடியுங்கள். ஆலையருகே அள்ளிய மண்ணையும், உரம் என்று சொல்லித் தரப்படும் ஆலைக் கழிவையும் தொடாதீர்கள். காய்கறித் தோலும் உதிர்ந்த இலையும் ஆட்டுப்புழுக்கையும் மக்கிய உரமே போதும். ஆடிப்பட்டத்தில் கத்தரி நாற்று, வாசலில் கறிவேப்பிலை, தொட்டியில் புதினாவும் கொத்தமல்லியும். நம் வட்டாரத்து இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய்க் குழம்பை உலகமே புகழ்கிறது. அந்தக் கத்தரிச் செடியை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்?

மூன்றாவது விருந்து. சிக்கனத்தைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் அறிவுரை பெண்களுக்கே போகிறது: எண்ணெயைக் குறை, மிச்சச் சோற்றைச் சேர்த்துவை. ஆண்கள் நடத்தும் வலீமாவிலோ தேகுசா தேகுசாவாகப் பிரியாணி குப்பைக்குப் போகிறது. ஒரு மண்டபத்தின் ஒரு வேளை மிச்சத்தின் விலை, மேலே சொன்ன ஒரு குடும்பத்தின் இழப்பீட்டுத் தொகையைத் தாண்டும். விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று குர்ஆன் அழைப்பது சமையலறையை மட்டும் நோக்கியன்று. வலீமா சுன்னத்துதான். ஓர் ஆட்டைக் கொண்டேனும் நடத்தலாம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட அளவு.

நான்காவது பழுதுபார்த்தல். நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா அவர்கள் அறிவித்தார்கள். உலகுக்கே செருப்புத் தைத்து அனுப்பும் ஊரில் வார் அறுந்த செருப்பைக் குப்பையில் எறிகிறோம். நம் மகனுக்கு ஊசியும் நூலும் பிடிக்கக் கற்றுக்கொடுத்தால் அது இழிவாகாது, சுன்னத்தாகும்.

இவை சிறு செயல்கள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். வீட்டில் ஒரு சொம்பு நீரை எண்ணிச் செலவழிக்கப் பழகியவன் ஆலையில் ஒரு தொட்டிக் கழிவை இருட்டில் திறந்துவிட மாட்டான். செடிக்கு உப்புநீர் ஊற்றி அது கருகக் கண்ட பிள்ளைக்கு, கருகிய வயலின் உழவர் ஏன் அழுகிறார் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டுச் சிக்கனமும் ஆற்றின் நீதியும் ஒரே பண்பின் இரு பக்கங்கள்.

ஆலை நடத்தும் சகோதரர்களுக்கும் அவர்களிடம் பள்ளிவாசலுக்கு நன்கொடை பெறும் ஜமாஅத்துகளுக்கும் நம் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த மினாராவுக்குக் கையேந்துமுன், இழப்பீடு கிடைக்காத குடும்பங்கள் நம் சுற்றுவட்டத்தில் எத்தனை என்று ஒரு பட்டியல் எடுப்போம். அவர்கள் எந்தச் சமயத்தவராயினும் அவர்களது உரிமை உரிமைதான். நீதிமன்றம் வசூலிக்கும்வரை காத்திராமல் கொடுப்பவனுக்கே அது இபாதத் ஆகும்.

2021 நவம்பரில் பாலாறு இருகரை தொட்டு ஓடியது. பாலத்தில் நின்று படம் பிடித்தோம். தண்ணீர் ஆழ்ந்துபோனால் ஊற்றுநீரைக் கொண்டுவருபவர் யார் என்று முல்க் அத்தியாயம் தன் கடைசி வசனத்தில் கேட்கிறது. அவன் ஒருமுறை கொண்டுவந்து காட்டிவிட்டான். அதை வைத்துக்கொள்ளும் தகுதி நமக்கு உண்டா என்பதே இனி மிஞ்சியிருக்கும் கேள்வி. ஏலகிரியில் நிலம் வாங்கி அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது.