தறிவீட்டுச் சலிப்பு

2020 மார்ச் 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, ‘வீட்டிலிருந்தே வேலை’ என்கிற சொற்றொடர் ஏதோ புதுச்சரக்கு போலத் தமிழுக்குள் வந்து இறங்கியது. அதன் பின்னாலேயே அறிவுரைகளும் வந்தன. காலையில் குளித்து உடைமாற்றிக்கொண்டு உட்காருங்கள். வேலைக்கென்று தனி மூலை ஒதுக்குங்கள். சலிப்புத் தட்டினால் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். அன்றைய இலக்கைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சலிப்பு என்பது மனத்தின் கோளாறு, ஊக்கம் என்பது அதற்கான மருந்து என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். இவற்றைப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்கு நினைவு வந்தது கண்ணமங்கலம்தான்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் இருக்கிறது அவ்வூர். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள் பலர் அதைக் கடந்துதான் போகிறார்கள். நின்று பார்ப்பவர்கள் குறைவு. ஆரணிப் பட்டு என்று கடைகளில் விரித்துக் காட்டப்படும் சேலைகள் ஆரணி நகரத்தில் மட்டும் நெய்யப்படுவன அல்ல. தேவிகாபுரம், ஒண்ணுபுரம், கண்ணமங்கலம் எனச் சுற்றுவட்டார ஊர்களின் வீடுகளிலும் நெய்யப்படுபவை. வீடுகளில் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தறி இருக்கும் இடத்துக்கும் அடுப்பு இருக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். சில வீடுகளில் அந்தச் சுவரும் இல்லை. தலைமுறை தலைமுறையாக வீட்டிலிருந்தே வேலை செய்துவருகிறவர்களிடம் சலிப்பைப் பற்றி ஒருவரும் போய்க் கேட்கவில்லையே என்பது அப்போது எங்கள் ஆதங்கமாக இருந்தது.

எங்களுக்குப் பழக்கமான ஒரு வீடு அங்கே உண்டு. பெயர் வேண்டாம். தந்தை நெசவாளர், நாற்பதாண்டுக் காலமாகத் தறியில் இருப்பவர். தாய் தார் சுற்றுவார். மகன் பொறியியல் படித்துச் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தவர். ஊரடங்கில் மடிக்கணினியோடு வீடு திரும்பினார். ஆக ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு ‘வீட்டிலிருந்தே வேலை’.

முதல் வாரங்களில் மகனுக்குத் தறியின் ஓசைதான் பெரும் தொல்லை. மீட்டிங்கில் பேசும்போது பின்னால் கேட்கும் தடக் தடக் ஓசை என்னவென்று கேட்ட சகபணியாளர்களிடம், தெருவில் ஏதோ கட்டட வேலை நடக்கிறது என்று சொல்லியிருக்கிறார். இதை அவரே பிற்பாடு வெட்கத்தோடு எங்களிடம் சொன்னார். பிறகு தொல்லை வேறு வடிவம் எடுத்தது. காலை பத்து மணிக்குத் திரையின் முன் அமர்ந்தால் பதினொன்றுக்கெல்லாம் மனம் எங்கோ போய்விடுகிறது. வேலை இருக்கிறது, செய்யத் தோன்றவில்லை. மாலையில் குற்றவுணர்வு, இரவில் விழித்திருந்து அதை ஈடுகட்டுவது. “அப்பா எப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாரோ” என்று வியந்தார். நாங்கள் அதைத் தந்தையிடமே கேட்டோம். அவர் நாடாவை நிறுத்தவில்லை. “உக்காந்தாத்தான் தம்பி கூலி. வேற இன்னா இருக்குது இதுல?” என்றார்.

இந்தப் பதிலுக்குத் திரும்ப வருவோம். அதற்கு முன் ஒரு சிறு கிளைப்பாதை. ‘போரடிக்கிறது’ என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்தான். ஆனால் தமிழில் போரடித்தல் என்ற வினை அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. களத்தில் கதிரைப் பரப்பி அதன்மேல் மாடுகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டி நெல்மணியைப் பிரிக்கும் வேலை அது. ஒரே வட்டம், ஒரே நடை, நாள் முழுவதும். சலிப்புக்கு அதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. ஆனால் களத்தில் போரடித்தவர்கள் யாரும் போரடிக்கிறது என்று சொல்லியிருக்க வாய்ப்பில்லை. வட்டம் முடிந்தால் நெல் குவியும். அது கண்ணுக்குத் தெரியும்.

தறியிலும் அப்படித்தான். குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கிறார். கை கயிற்றை இழுக்க நாடா இடமிருந்து வலமாக ஓடுகிறது, பிறகு வலமிருந்து இடமாக. ஒரு சேலைக்கு இந்த அசைவு பல்லாயிரம் முறை நிகழவேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது எந்திரத்தனமாகத் தோன்றும். அருகில் அமர்ந்து பார்த்தால் அப்படியல்ல. பாவில் எந்த இழை எப்போது அறும் என்று தெரியாது. அறுந்ததும் நிறுத்தி முடியவேண்டும். முடியத் தவறினால் சேலையில் அது கோடாக நின்றுவிடும், கூலியில் பிடித்தமும் ஆகும். கரையில் ஜரிகை இழுபட்டுவிடக் கூடாது. ஜக்கார்டு பெட்டியில் அட்டை சரியாக மாறுகிறதா என்று காது கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். கை தன்போக்கில் ஓட, மனத்தின் ஒரு சிறு பகுதி மட்டும் விழிப்பாக இருக்க, மிச்ச மனம் பேச்சுக்கும் பாட்டுக்கும் ஓய்வாகக் கிடைக்கிறது. அந்த வீட்டில் வானொலி ஓயாமல் பாடுவதும், திண்ணையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் அரசியல் பேசுவதும், தந்தை தறியிலிருந்தபடியே பதில் சொல்வதும் இதனால்தான் இயல்கிறது. மகனின் வேலையோ முழு மனத்தையும் கேட்கிறது. கேட்டுவிட்டு அதற்குத் தீனி போடுவதில்லை.

இன்னொன்று. நெய்த துணி மடிக்கு முன்னால் இருக்கும் படமரத்தில் சுருண்டுகொண்டே வருகிறது. இன்று எவ்வளவு ஆயிற்று என்று யாரும் அறிக்கை தரவேண்டியதில்லை. தடவிப் பார்த்தால் போதும். மகனிடம் அப்படித் தடவிப் பார்க்க ஒன்றும் இல்லை. அவர் வேலையின் அளவை அறிந்துகொள்ள வாரம் இரண்டு மீட்டிங் தேவைப்படுகிறது, அவற்றிலும் அது தெளிவாவதில்லை.

மேலும், தறிவீட்டில் ஒருவர் தனித்து வேலை செய்வதே இல்லை. பட்டை இழைத்து நீட்டுவது ஒருவர், தார் சுற்றுவது ஒருவர், நெய்வது ஒருவர். புதுப் பாவு வந்தால் அதைப் பழைய பாவின் நுனியோடு இழை இழையாகப் பிணைக்க இன்னொருவர் வருவார்; ஆயிரக்கணக்கான இழைகள், உட்கார்ந்த இடத்தில் விரல் நுனியாலேயே. எதிர்வீட்டுத் தறி ஓடும் ஓசை இங்கே கேட்கும். அது நின்றால் இங்கே ஒருவர் தலைதூக்கிப் பார்ப்பார். தெருவே ஒரு வேலைக்கூடம். மகன் தன் நிறுவனத்தின் பல்லாயிரம் ஊழியர்களில் ஒருவர்தான், ஆனால் அந்த வீட்டில் தனியாக வேலை செய்தவர் அவர் ஒருவர்தான்.

இவ்வளவையும் எழுதிவிட்டு இங்கேயே நிறுத்தினால் நாமும் கைவினையைப் பாடிப் பரவும் கூட்டத்தில் சேர்ந்துவிடுவோம். நகரத்து இதழ்களில் வரும் தறிக் கட்டுரைகளில் நெசவாளர் எப்போதும் தியானத்தில் இருப்பவர்போலக் காட்டப்படுகிறார். உக்காந்தாத்தான் கூலி என்று சொன்னவர் தியானத்தில் இல்லை. அவரை உட்கார வைப்பது பட்டு முதலாளியிடம் வாங்கிய முன்பணம். அது கழியும்வரை வேறு இடத்துக்குப் போக முடியாது, கழிவதற்குள் ஒரு கல்யாணமோ மருத்துவச் செலவோ வந்துவிடும். ஊக்கம் என்று நாம் அழகாகச் சொல்வதற்கு அந்தத் தெருவில் கடன் என்று பெயர்.

இங்கிலாந்து வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, ஆலைகள் வருவதற்கு முன்பு மக்கள் காலத்தை எப்படிக் கையாண்டார்கள் என்று ஆராய்கிறது. அங்கும் கைத்தறியாளர்கள் உண்டு. வாரத் தொடக்கத்தில் மெத்தனம், வாரக் கடைசியில் இரவுபகல் ஓட்டம். திங்கட்கிழமையைப் புனிதர் ஒருவரின் திருநாள்போலக் கொண்டாடி வேலைக்குப் போகாத வழக்கம்கூட இருந்தது. தன் காலம் தன் கையில் உள்ளவர் இப்படித்தான் வேலை செய்வார் என்பது தாம்சனின் கருத்து. சோம்பலும் வேகமும் மாறிமாறி வருவது இயல்பு. எட்டு மணி நேரம் ஒரே சீராக ஓடுவதுதான் ஆலையும் பள்ளிக்கூடமும் சேர்ந்து புகட்டிய பழக்கம். கண்ணமங்கலத்துத் தந்தையும் வெயில் ஏறிய மதியத்தில் இரண்டு மணி நேரம் தறிமேட்டிலேயே படுத்துவிடுவார். யாரும் கேட்பதில்லை. மகன் பதினைந்து நிமிடம் விசைப்பலகையைத் தொடாவிட்டால் அவர் பெயருக்கு அருகில் உள்ள பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். வீட்டுக்கு வந்தது வேலை மட்டுமல்ல, ஆலைச் சங்கும்தான். அவருக்குச் சலித்ததில் வியப்பென்ன?

ஊரடங்கு நீண்டபோது நிலைமை மாறியது. திருமணங்கள் தள்ளிப்போயின, மண்டபங்கள் மூடின, பட்டுக்கடைகள் மூடின. தறியிலிருந்த பாவு முடிந்தது. முதலாளி அடுத்த பாவு தரவில்லை. தறி நின்றது. நாற்பதாண்டில் சலிப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தாத அந்த மனிதர் அப்போதுதான் தொலைபேசியில் எங்களிடம் சொன்னார்: “ரொம்ப சலிப்பா இருக்குதுப்பா.” விடிந்ததும் எழுந்து வெற்றுத் தறியைத் துடைப்பார், வாசலுக்கு வருவார், மீண்டும் உள்ளே போவார். ஜெர்மானிய மெய்யியலாளர் ஹைடெக்கர் 1929-30இல் சலிப்பைப் பற்றி ஆற்றிய விரிவுரைகளில் முதல் எடுத்துக்காட்டாகச் சொல்வது, ஏதோவொரு சிற்றூர் ரயில் நிலையத்தில் அடுத்த வண்டிக்கு நான்கு மணி நேரம் காத்திருப்பவரை. அவர் அட்டவணையைப் படிக்கிறார், மரங்களை எண்ணுகிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார். கண்ணமங்கலத்திலும் அப்படி ஒரு சிறு ரயில் நிலையம் உண்டு. அந்த ஆண்டு தெருவில் பாதிப்பேர் வராத வண்டிக்குக் காத்திருந்தார்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது அவருக்குச் சலிக்கவில்லை; அடுத்த வேலை வருமா என்பது இன்னொருவர் கையில் இருந்ததுதான் சலித்தது.

நாங்கள் மறுத்துச் சொல்ல விரும்பும் கருத்து ஒன்று இருக்கிறது. ஜவுளி வட்டாரங்களிலும், இலக்கியக் கூட்டங்களிலும்கூட அடிக்கடி கேட்கலாம்: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, தறியில் உட்காரச் சலிக்கிறது, அதனால்தான் நெசவு அழிகிறது. 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாட்டில் 43 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருந்தனர். 2019-20 கணக்கெடுப்பில் அது ஏறத்தாழ 35 லட்சமாகக் குறைந்தது. அதே 2019-20 கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொல்கிறது. நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் ஐந்தாயிரம் ரூபாய்க்கும் குறைவாகவே வருமானம் காட்டின. இது குடும்ப வருமானம் என்பதைக் கவனிக்கவேண்டும். பையன்கள் செய்யாறு சிப்காட்டுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பேருந்து ஏறுகிறார்கள். அங்கே அவர்கள் செய்வது தறியைக் காட்டிலும் சுவையான வேலையா? ஒரே திருகாணியை நாள் முழுவதும் முடுக்குவதும், ஒரே காலணிப் பகுதியை நாள் முழுவதும் தைப்பதும்தான். அந்தச் சலிப்பை அவர்கள் தாங்குகிறார்கள், ஏனென்றால் மாதக் கடைசியில் பணம் வருகிறது, வருங்கால வைப்புநிதி உண்டு, பெண் கேட்டுப் போகும் இடத்தில் ‘கம்பெனி வேலை’ என்று சொல்ல முடிகிறது. சலிப்பைக் காரணம் காட்டுவது கூலியைப் பற்றிப் பேசாமல் தப்பிக்க ஒரு வசதியான வழி. மென்பொருள் ஊழியருக்கு ஊக்கப் பேச்சாளரை ஏற்பாடு செய்வதும் அதே வகைதான். அவர் கேட்பது பேச்சாளரை அல்ல.

வீட்டு வேலைக்காரர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்த முயற்சிகளும் உண்டு. வீடுசார் பணி குறித்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இலேயே ஓர் உடன்படிக்கையை, 177ஆம் எண்ணுடையதை, நிறைவேற்றியது. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் மற்றக் கூலியாளருக்கும் நடத்தப்படும் விதத்தில் வேறுபாடு கூடாது என்பது அதன் சாரம். இந்தியா இன்றுவரை அதை ஏற்று ஒப்பமிடவில்லை. 2019இல் உலகில் ஏறத்தாழ 26 கோடிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள் என்பது அதே அமைப்பு 2021இல் வெளியிட்ட கணக்கு. கொள்ளைநோய்க்கு முந்தைய எண்ணிக்கை இது; பீடி சுற்றுவோரும் தார் சுற்றுவோரும் நிரல் எழுதுவோரும் அதில் அடக்கம்.

மகன் 2022இல் சென்னை அலுவலகத்துக்கு வாரம் மூன்று நாள் என்ற கணக்கில் திரும்பிவிட்டார். மிச்ச நாள்களில் ஊரில் இருக்கும்போது மேசையைத் தறிக்கூடத்துக்கே மாற்றிக்கொண்டாராம். ஓசை இப்போது தொல்லையாக இல்லையா என்று கேட்டோம். பேசும்போது மட்டும் ஒலிவாங்கியை அடக்கிவிடுவதாகவும், நிரல் எழுதும்போது தறி ஓடாவிட்டால்தான் கை ஓடுவதில்லை என்றும் சொன்னார். கட்டட வேலை என்று இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

நாங்கள் கடைசியாகப் போயிருந்தபோது தறியில் புதுப் பாவு ஏறியிருந்தது. கூலி எவ்வளவு என்று பேச்சு வந்தது. தந்தை சேலைக் கணக்கில் சொன்னார்; மகன் அதை மணிக்கணக்குக்கு மாற்றிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். ராட்டையருகில் இருந்த தாயைப் பார்த்து, தார் சுற்றுவதற்குத் தனிக் கூலி உண்டா என்று நாங்கள் கேட்டோம். அவர் சிரித்தார். “அது அவரு கூலியிலேயே சேத்தி” என்றார். 2019-20 கணக்கெடுப்பின்படி நாட்டின் கைத்தறித் தொழிலாளர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் பெண்கள். அந்த வீட்டின் கூலிக் கணக்கு நோட்டில் இருப்பது ஓர் ஆணின் பெயர் மட்டும்தான்.